ஆசிட் பாட்டிலை எப்படி வெளியே அனுப்புவது?

நச்சு குறைந்த பொருள்களைக் கொண்டு வீட்டைச் சுத்தம் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும் இவை. முதலில் ஒரு சொல்: கறை எந்த வகை என்று பார்த்துவிட்டுப் பொருளைக் கையில் எடுங்கள். உப்புக்கறைக்குப் புளிப்பு வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவோ சோப்போ வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு, ‘இயற்கைப் பொருளெல்லாம் சும்மா’ என்று மறுபடி ஆசிட் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். பாத்ரூம் டைல்ஸ், குழாய், டாய்லெட் எல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றித்தான் தேய்க்கிறோம். இருமல் வருகிறது. வேறு வழி உண்டா? (வாசகி, மதுரை)

உண்டு. சிட்ரிக் ஆசிட் என்கிற எலுமிச்சை உப்பு. பெயரில் ஆசிட் இருப்பதால் பயப்பட வேண்டாம், ஜாமிலும் சர்பத்திலும் போடுகிற அதே வெள்ளைத் தூள்தான். நாட்டு மருந்துக் கடையிலும் பேக்கரிப் பொருள் விற்கும் கடையிலும் கிடைக்கும். அதற்காகச் சாதுவானது என்றும் நினைத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் எரியும்; கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குழாய்க்கும் ஷவருக்கும்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். தெளித்தால் வழிந்து ஓடிவிடும். பழைய துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, 10 நிமிடம் கழித்து எடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குரோம் பூச்சுள்ள குழாயில் அதற்கு மேல் விட வேண்டாம். உப்பு பாக்கி இருந்தால் மறுநாள் இன்னொரு முறை செய்யலாம்.

டாய்லெட்டுக்கு: கோப்பையில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் முதல் எதிரி. என்ன ஊற்றினாலும் அது நீர்த்துவிடும். பிரஷ்ஷால் அந்தத் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைத்துவிட்டு, 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரவு படுக்கப் போகும்போது ஊற்றுங்கள். விளிம்புக்கு அடியில் படிந்த உப்புக்குப் பழைய துணியை அதே கரைசலில் நனைத்து ஒட்டி வையுங்கள். காலையில் துணியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தேய்த்து ஃப்ளஷ் செய்யலாம். வருடக்கணக்கில் ஏறிய உப்பு ஒரே இரவில் போகாது. மூன்று நான்கு இரவு தொடர்ந்து செய்தால் இளகி ஏடு ஏடாக உரியும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, ‘சூடாக இருந்தால் நன்றாகக் கரையும்’ என்று கொதிக்கிற நீரில் செய்வது. சுண்ணாம்பு உப்பும் சிட்ரிக் ஆசிட்டும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட், சூடு ஏற ஏறக் கரைவது குறைகிற பொருள். கொதிநீரில் செய்தாலோ கரைசலைக் காய விட்டாலோ, பழைய வெள்ளைப் படலத்துக்குப் பதில் புது வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும். பீங்கானில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும் அபாயம் தனி.

கறை வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக, துருநிறமாக இருந்தால் அது தண்ணீரில் உள்ள இரும்பு. இதற்கும் சிட்ரிக் ஆசிட்தான். ப்ளீச் போடவே போடாதீர்கள்; இரும்புக் கறையை அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கவைக்கும்.

கடையில் விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது உப்பை மட்டுமா தின்கிறது? டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட்டையும் தின்கிறது. இடுக்கு பெயர்ந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்த பிறகுதான் பலருக்கு இது உறைக்கும். அதன் புகை எவர்சில்வர் கொக்கி, கீல், குழாய் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாகத் துருவை ஏற்றும். உங்கள் இருமலுக்கும் காரணம் அதே புகைதான்.

இவ்வளவும் செய்தபின், குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். உப்பு படிவது தண்ணீர் காய்வதால்தான். காய்வதற்குத் தண்ணீரே இல்லையென்றால் படிய என்ன இருக்கிறது?

வினிகரும் சோடாவும் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்திருக்கிறேன். பொங்குகிறதே தவிர அழுக்குப் போகவில்லை. (வாசகர், திருச்சி)

போகாது. வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பொங்குவது கார்பன் டை ஆக்ஸைடு; அது அடங்கியபின் பாட்டிலில் இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். மூடி வைத்தால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கவும் கூடும். உப்புக்கறைக்கு வினிகரைத் தனியாகவும், பிசுக்குக்குச் சோடாவைத் தனியாகவும் பயன்படுத்துங்கள். ஒன்றைக் கழுவித் துடைத்த பிறகு இன்னொன்று.

பூந்திக்கொட்டை வாங்கிக் கொதிக்கவைத்துப் பாத்திரம் தேய்க்கிறேன். மூன்றாம் நாளே புளித்து நாறுகிறது. எண்ணெய்ச் சட்டி பிசுபிசுவென்றே இருக்கிறது. என்ன தவறு? (வாசகி, ஈரோடு)

இரண்டு தவறுகள் தெரிகின்றன. கெட்டுப்போவதற்குக் காரணம் பூந்திக்கொட்டையிலேயே சர்க்கரைச் சத்து இருப்பது. அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. எங்கள் அளவு இது: கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோல் மட்டும் 100 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறட்டும். காலையில் சிறு தீயில் 20 நிமிடம். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் சேர்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். நிறையச் செய்தால் ஐஸ் டிரேயில் ஊற்றிக் கட்டிகளாக்கி, தேவைக்கு ஒன்றிரண்டு எடுக்கலாம். வெளியே வைப்பதானால் இரண்டு நாளுக்கு மட்டும் செய்யுங்கள். பிசைந்த சக்கையை வீணாக்க வேண்டாம், இன்னொரு முறை கொதிக்கவைத்தால் தரை துடைக்க ஆகும்.

பிசுக்கு விஷயத்தில் பூந்திக்கொட்டையின் எல்லையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதில் நுரைப்பது சப்போனின். பட்டுச்சேலைக்கும் நகைக்கும் அது அருமை. வடை பொரித்த சட்டிக்குத் தனியாக நின்று போராடாது. முதலில் சட்டியில் ஒரு கை கடலை மாவோ, சலித்த அடுப்புச் சாம்பலோ போட்டுத் தடவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, வழித்துக் குப்பையில் போடுங்கள். அப்புறம் வெந்நீரும் பூந்திக்கொட்டை நீரும் போதும். நான்ஸ்டிக் சட்டிக்குச் சாம்பல் வேண்டாம். அப்படியும் போகாத சட்டிக்குச் சாதாரணப் பாத்திர சோப்பைத் தொட்டுக்கொள்வதில் ஒரு பாவமும் இல்லை. சோப்பை அளவோடு பயன்படுத்துவதும் மாற்றம்தான்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. கொழுப்பிலிருந்து செய்த சோப்பு கடின நீரில் திரிந்து, வாளி ஓரத்தில் சாம்பல் நிறப் பிசுக்காக ஒட்டும். பூந்திக்கொட்டை அப்படித் திரியாது.

கவனிக்க: கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும். மீன்தொட்டியைக் கழுவ எடுக்காதீர்கள். சப்போனின் மீன்களுக்கு விஷம்; நீர்நிலையில் இதைக் கலக்கி மீன் பிடிக்கும் பழக்கமே பல ஊர்களில் இருந்திருக்கிறது.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் பயோ என்ஸைம் போட்டேன். ஒரு பாட்டில் வெடித்தது, இன்னொன்றில் புழு. விட்டுவிடலாமா? (வாசகி, கோவை)

விட வேண்டியதில்லை, பாட்டிலை மாற்றுங்கள். அளவு 1:3:10. அதாவது வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இந்த மூன்றுக்கும் சேர்த்து 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும்; மேலே கால் பாகத்துக்குக் குறையாமல் காலியிடம் இருக்கட்டும். கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் தினமும் ஒருமுறை மூடியைத் திருகி வாயுவை வெளியேற்றி உடனே மூடுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை போதும். ஊருக்குப் போகிற வாரத்தில் புதிதாகப் போட்டு வைக்காதீர்கள். வெடிப்பதெல்லாம் அந்த நாட்களில்தான். 90 நாள் ஆனதும் வடிகட்டுங்கள்.

மேலே வெள்ளை ஏடு படர்ந்தால் பயமில்லை, பாட்டிலை அசைத்து விடுங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை பிடித்து, அழுகல் நாற்றம் வந்தால் உரக்குழியில் கொட்டிவிட வேண்டியதுதான். தோல் தண்ணீருக்கு மேலே மிதந்து காய்வதும், வெல்லத்தைக் குறைத்துப் போடுவதும் இதற்குக் காரணம். புழு வந்தது என்றால் தோலில் முன்பே ஈ முட்டையிட்டிருக்கிறது, அல்லது மூடி சரியாக மூடவில்லை. நான்கு நாளாகச் சமையலறையில் கிடந்த தோலைப் போடாமல், உரித்த அன்றே போடுங்கள். இல்லையென்றால் ஃப்ரீசரில் சேர்த்து வைத்து மொத்தமாகப் போடுங்கள்.

பெயரை வைத்து இதனிடம் ரொம்பவும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மூன்று மாதத்தில் பாட்டிலில் உருவாவது பெரும்பாலும் அசிட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் எல்லாம் கலந்த ஒரு புளித்த நீர். வீட்டு வினிகரின் ஒன்றுவிட்ட தம்பி. வாஷ்பேசின், டைல்ஸ் தரை, குழாயில் படியும் லேசான உப்புக்கு நன்றாக வேலை செய்யும். அரை வாளிக்கு 50 மில்லி போதும். கிருமிநாசினி என்று நம்பி நோயாளி அறையில் பயன்படுத்தாதீர்கள்.

எங்கள் வீடு பழைய மொசைக் தரை, சமையலறையில் கடப்பாக் கல். தவழும் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கின்றன. பினாயிலுக்குப் பதில் என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

முதலில், எதை ஊற்றக் கூடாது என்று பார்ப்போம். மொசைக்கில் இருப்பது சிமென்ட்டும் சலவைக்கல் சில்லும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. இரண்டிலும் வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட், மேலே சொன்ன பயோ என்ஸைம் எது பட்டாலும் பளபளப்பு போய் வெளிறிய திட்டு விழும். அது கறையல்ல, கல்லே அரிக்கப்பட்ட தடம். மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும். ரெட் ஆக்ஸைடு தரைக்கும் இதே கதை. சாம்பார் வைத்த மேடையில் புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டியதும் இதனால்தான்.

பூனை இருக்கும் வீட்டில் பினாயிலை நிறுத்த முடிவு செய்தது நல்லது. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். கறுப்புப் பினாயில் இதில் மோசம். வாசனைக்கு என்று டீ ட்ரீ எண்ணெய் சொட்டு விடுவதும் பூனைக்கு ஆகாது.

அரை வாளி, அதாவது 8 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி, சிட்ரிக் ஆசிட் சேர்க்காத பூந்திக்கொட்டை நீர், அல்லது ஒரு தேக்கரண்டி பாத்திர சோப்புத் திரவம். அவ்வளவுதான். கூடப் போட்டால் தரை மங்கும், கால் ஒட்டும், வழுக்கும். துடைக்க ஒரு வாளி, மாப்பை அலச இன்னொரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் முன் அறை அழுக்கு பின் அறைக்குப் போகும். துடைத்து முடித்ததும் மாப் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். ‘பினாயில் இல்லையென்றால் வீடு நாறுகிறது’ என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நாறுவது மாப்தான்.

தெருவில் வண்டியில் வந்து பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் பினாயிலையும் ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். தாகத்தில் குழந்தை எடுத்துக் குடிப்பது இந்தப் பாட்டிலைத்தான். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; வரும்போது தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கவைத்து, 108-ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால்கூட ப்ளீச் தொடக் கூடாதா? (வாசகி, வேலூர்)

தொட வேண்டும். அன்றைக்கு வினிகரையும் வேப்பிலையையும் நம்பி இருக்காதீர்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, முதலில் பழைய துணியாலோ காகிதத்தாலோ அள்ளி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பிறகு 5 சதவீத ப்ளீச் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாக இருக்கவிட்டுக் கழுவுங்கள். ப்ளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம். கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். கரைசல் அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும். கட்டி தட்டிப்போன பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

இதனோடு ஆசிட், டாய்லெட் கிளீனர், வினிகர், சிட்ரிக் ஆசிட் எதுவும் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறுநீர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் போன்றவற்றோடு சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். மூடிய பாத்ரூமில் ஒன்றின் மேல் ஒன்று ஊற்றி, மூச்சு முட்டி விழுபவர்கள் உண்டு. நெடி அடித்தால் கழுவப் பார்க்காமல் வெளியே ஓடி வாருங்கள்.

சலவை சோடா போட்டுச் சிம்னி வலையை ஊறவைத்தேன், கறுத்துப்போய்விட்டது. (வாசகர், சேலம்)

உங்கள் வலை அலுமினியம். காரம் பட்டால் அலுமினியத்தின் மேல்படலம் கரைந்து கறுக்கும். இட்லித் தட்டு அலுமினியமாக இருந்தாலும் இதேதான். காந்தம் ஒட்டாமல், எடையே தெரியாத அளவுக்கு லேசாக இருந்தால் அலுமினியம் என்று வைத்துக்கொண்டு, வெந்நீரும் பாத்திர சோப்பும் மட்டும் போட்டு 20 நிமிடம் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். எவர்சில்வர் தகடு வைத்த சிம்னி என்றால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 3 மேசைக்கரண்டி சலவை சோடா, அரை மணி நேரம், பிசுக்கு வழுக்கிக்கொண்டு வரும். கையுறை அவசியம், சலவை சோடா சமையல் சோடா அல்ல, தோலை உரிக்கும்.

பீரோவில் அந்துருண்டைக்குப் பதிலாகக் கற்பூரம் வைக்கலாமா? கைக்குழந்தை இருக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

அந்துருண்டையை எடுத்தது சரி. அது பெரும்பாலும் நாஃப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அந்துருண்டையோடு வைத்த துணியைப் போட்டுவிட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். ஆனால் கற்பூரம் மாற்று அல்ல. குழந்தை ஒரு சிறு கட்டியை விழுங்கினாலே வலிப்பு வரலாம். கோயிலில் ஏற்றுகிற பொருள் என்பதால் அது சாதுவாகிவிடாது.

துணியைத் துவைத்து, ஈரமே இல்லாமல் காயவைத்து மடித்து வையுங்கள். பூச்சி தேடி வருவது வியர்வைக்கும் சாப்பாட்டுக் கறைக்கும்தான். பட்டுச்சேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். நிழலில் காய்ந்த வேப்பிலை, வசம்பு, வெட்டிவேர் ஏதாவது துணிப்பையில் கட்டி வைக்கலாம். அவை பூச்சியைக் கொல்லாது, கொஞ்சம் விலக்கிவைக்கும். குழந்தை கைக்கு எட்டாத தட்டிலேயே வையுங்கள்.

இதெல்லாம் சரி, வீட்டில் பாதி பாட்டில் ஆசிட் மிச்சம் இருக்கிறதே? (வாசகர், கடலூர்)

அதைச் சாக்கடையில் அப்படியே கவிழ்க்காதீர்கள். திறந்த வெளியில், ஒரு பிளாஸ்டிக் வாளியில் பாதித் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆசிட்டை மெல்லத் தண்ணீருக்குள் ஊற்றுங்கள். தண்ணீரை ஆசிட்டுக்குள் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். பிறகு சலவை சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பொங்கல் அடங்கட்டும். அரை லிட்டர் கடும் ஆசிட்டுக்குக் கால் கிலோவுக்கு மேலும் பிடிக்கலாம். போட்டாலும் பொங்காத நிலை வந்ததும் வாளியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். டாய்லெட்டில் ஊற்றி இரண்டு முறை ஃப்ளஷ் செய்துவிடலாம். அந்த வாளியில் முன்பு ப்ளீச் கரைத்திருந்தால் அதை எடுக்க வேண்டாம், வேறு வாளி பாருங்கள்.